வலது ஸ்பீக்கரில் மட்டும் கரகரப்பு: ஒரு டோன்ஆர்மின் ஆன்டி-ஸ்கேட் சீரமைப்பு

செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் ஊசியின் அசைவை மின்குறிப்பாக மாற்றும் ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜைப் பொருத்தி, எழுபது எண்பதுகளின் தமிழ்த் திரையிசைத் தட்டுகளை அன்றாடம் கேட்டுவரும் நண்பர் ஒருவர், பாடகியரின் குரலில் 'ஸ', 'ஷ', அழுத்தமான 'ச்ச' ஆகிய ஒலிகள் வரும்போதெல்லாம் வலது ஸ்பீக்கரில் மட்டும் மணலை உரசுவது போன்ற கரகரப்பு எழுவதாகச் சொன்னார். பக்கத்தின் முதல் பாடலில் அது மெலிதாக இருந்தது. கடைசிப் பாடலில், வயலின்கள் கூட்டமாக உச்சத்துக்கு ஏறும் இடத்தில், கேட்க முடியாத அளவுக்கு முற்றியது. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் தட்டின் மையம் நோக்கி இழுபடுவதை எதிர்க்கும் ஆன்டி-ஸ்கேட் திருகு அதுவரை 0-இல் இருந்தது. அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 3 வரை கொண்டுபோனபோது வலதுபுறம் பெருமளவு தெளிந்தது. ஆனால் அதே கரகரப்பு இடதுபுறத்தில் தொடங்கிவிட்டது. ஊசி தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டிய அவர், புதிய ஊசி வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேட்டார்.

அவர் சொன்னதிலேயே நோயின் பெரும்பகுதி அடங்கியிருந்தது. ஆன்டி-ஸ்கேட் மட்டுமே தவறாக இருந்திருந்தால், 0-க்கும் 3-க்கும் இடையில் ஏதாவதொரு நிலையில் இரண்டு பக்கமும் தெளிந்திருக்க வேண்டும். அவருக்கு அப்படி ஒரு நிலை கிடைக்கவில்லை. இடையில் நிறுத்தியபோது இரு பக்கமும் சேர்ந்து லேசாகக் கரகரத்ததாகச் சொன்னார். தட்டில் ஊசி ஓடும் பள்ளத்தின் இரு சுவர்களுக்கும் போய்ச் சேரும் மொத்த அழுத்தமே போதாமல் இருக்கலாம் என்ற ஐயம் அங்கேயே எழுந்தது.

விசை பிறக்கும் இடம்

தட்டை வெட்டும் இயந்திரத்தின் தலை, ஆரத்தின் வழியே நேர்கோட்டில் நகர்கிறது. அச்சில் திரும்பும் டோன்ஆர்மோ வட்டவில்லில்தான் நகர முடியும். இந்த முரண்பாட்டால் வரும் கோணப் பிழையைக் குறைக்க, ஊசியை மையக் கம்பிக்கு அப்பால் சற்று நீட்டி, கார்ட்ரிட்ஜை உள்நோக்கித் திருப்பி வைக்கும் வழி 1920களிலிருந்தே ஆராயப்பட்டது. 1924இல் பெர்சி வில்சனும், 1938இல் லோஃப்கிரெனும், 1941இல் பேர்வால்டும் அதன் கணிதத்தைச் செம்மைப்படுத்தினர். எஸ்எல்-1200 எம்கே2வில் ஆர்மின் அச்சிலிருந்து ஊசி நுனி வரை 230 மி.மீ.; அச்சிலிருந்து மையக் கம்பி வரை 215 மி.மீ.; ஆகவே நீட்சி 15 மி.மீ., கார்ட்ரிட்ஜ் பொருந்தும் முன்முனையான ஹெட்ஷெல்லின் திருப்பம் 22 பாகை.

கோணப் பிழையைக் குறைத்ததற்கான விலைதான் ஸ்கேட்டிங். தட்டு சுழலும்போது உராய்வு ஊசியைப் பள்ளத்தின் தொடுகோட்டுத் திசையில் இழுக்கிறது. அந்த இழுவிசையின் கோடு ஆர்மின் அச்சு வழியே செல்லாமல் விலகிச் செல்வதால், ஆர்ம் தட்டின் மையத்தை நோக்கித் திருப்பப்படுகிறது. பலர் நினைப்பதுபோல் சுழற்சியின் மையவிலக்கு விசைக்கோ, பள்ளம் சுருளாக உள்நோக்கிச் செல்வதற்கோ இதில் பங்கில்லை. ஹெட்ஷெல்லின் வளைவும் தன்னளவில் காரணமாகாது. ஊசியையும் அச்சையும் இணைக்கும் கோட்டுக்கும் பள்ளத்தின் தொடுகோட்டுக்கும் இடைப்பட்ட கோணமே விசையை நிர்ணயிக்கிறது. மேற்சொன்ன அளவுகளுக்குக் கணக்கிட்டால், அந்தக் கோணம் 146 மி.மீ. ஆரத்திலுள்ள வெளி விளிம்பில் 24.6 பாகையாகவும், 82 மி.மீ. ஆரத்தை ஒட்டி மிகக் குறைந்து 20.8 பாகையாகவும், 60 மி.மீ. ஆரத்தில் மீண்டும் 21.9 பாகையாகவும் வருகிறது. எனவே ஸ்கேட்டிங் விசை தட்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. எந்த ஒற்றை அமைப்பும் அதை எல்லா இடத்திலும் துல்லியமாக ஈடுகட்ட முடியாது.

இந்த விசை காதுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் நம் வழக்குக்கு முக்கியமானது. ஸ்டீரியோ தட்டின் பள்ளம் 90 பாகைத் திறப்புள்ள 'வி' வடிவம். மையத்தை ஒட்டிய உட்சுவரில் இடது சேனலும், விளிம்பை ஒட்டிய வெளிச்சுவரில் வலது சேனலும் பதிந்திருக்கின்றன. ஆர்ம் உள்நோக்கி இழுக்கப்படும்போது ஊசி உட்சுவரில் அதிகமாக அழுந்தி, வெளிச்சுவரில் பிடி தளர்கிறது. ஊசியழுத்தம் 1.8 கிராம், இழுவிசை அதில் 0.3 பங்கு, கோணம் 22 பாகை என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் ஏறத்தாழ 0.22 கிராம் விசை எழும். அதைச் சரிக்கட்டாவிட்டால் இடது சுவருக்கு 1.43 கிராமும், வலது சுவருக்கு 1.12 கிராமும் கிடைக்கும். இந்த வேறுபாடு அமைதியான இசையில் கேட்பதே இல்லை. ஊசியைச் சுவர் வேகமாக உதைத்தெறிய முயலும் உரத்த இடங்களில்தான், குறைவாக அழுத்தப்பட்ட சுவரிலிருந்து ஊசி கணநேரம் விலகுகிறது. அந்த விலகலே கரகரப்பாகக் கேட்கிறது.

பக்கத்தின் கடைசியில் அது முற்றியதற்கும் ஸ்கேட்டிங் விசை கூடியது காரணமில்லை என்பதை மேலே உள்ள கோணங்களே காட்டுகின்றன. 33⅓ சுழற்சியில் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது, 60 மி.மீ. ஆரத்தில் 21 செ.மீ.தான். 7 கிலோஹெர்ட்ஸ் அளவிலுள்ள ஒரு 'ஸ' ஒலியின் அலை வெளியே 73 மைக்ரோமீட்டர் நீளத்தில் விரிந்து கிடக்க, உள்ளே அதே அலை 30 மைக்ரோமீட்டருக்குள் நெருக்கப்படுகிறது. 2எம் ரெட்டின் நீள்வட்ட ஊசியின் பக்க வளைவு ஆரம் 8 மைக்ரோமீட்டர். அவ்வளவு நெருக்கமான வளைவுகளில் அதற்குத் திரும்ப இடம் போதாமல் போகும்போது, ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் சுவர்தான் முதலில் கைவிடப்படுகிறது. 45 சுழற்சி ஈபி தட்டுகளில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததாக நண்பர் சொன்னதும் இதே காரணத்தால்தான்.

பரிசோதனை

முதலில் ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் இடது, வலது ஆர்சிஏ பிளக்குகளை மாற்றிச் செருகினோம். கரகரப்பு இடது ஸ்பீக்கருக்குத் தாவியது. ஆகவே ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் இரண்டும் குற்றமற்றவை. கோளாறு டர்ன்டேபிள் பக்கம் இருக்கிறது. இது எளிய சோதனைதான். இதைச் செய்யாமல் ஆர்மைத் தொடுபவர்கள், இல்லாத நோய்க்கு மருந்து தேடி நாட்களை வீணாக்குவதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்து ஆன்டி-ஸ்கேட்டை 0-க்குக் கொண்டுவந்துவிட்டு, மின்னணுத் தராசில் ஊசியழுத்தத்தை அளந்தோம். தராசின் தட்டு இசைத்தட்டின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். உயரம் மாறினால் சில ஆர்ம்களில் அளவும் மாறிவிடும். ஆர்மின் பின்முனையிலுள்ள எதிரெடையான கவுன்டர்வெயிட்டின் எண் வளையம் 1.8 என்று காட்டியது. தராசோ 1.4 என்றது. நண்பர் சமநிலைப்படுத்திய முறையை அவர் கையாலேயே மறுபடி செய்து காட்டச் சொன்னபோது காரணம் தெரிந்தது: ஊசியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமலேயே ஆர்மைக் கிடைமட்டத்தில் மிதக்க வைத்து, வளையத்தை 0-இல் நிறுத்தி, பிறகு 1.8 வரை திருகியிருக்கிறார். மூடியின் எடை அப்போது ஊசிப் பக்கத்தில் சேர்ந்திருந்தது. தட்டு போடுவதற்காக மூடியைக் கழற்றிய கணத்தில் அந்த எடை அழுத்தத்திலிருந்து கழிந்துவிட்டது. இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு உரிய வரம்பு 1.6 முதல் 2.0 கிராம், பரிந்துரை 1.8. அவருடைய ஊசி இத்தனை காலமும் அந்த வரம்புக்குக் கீழேயே ஓடியிருக்கிறது.

இப்போது அவருடைய முதல் முறையீட்டை மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1.4 கிராம் அழுத்தத்தில், ஆன்டி-ஸ்கேட் 0-இல் இருக்கும்போது, அதே அனுமானங்களின்படி இடது சுவருக்கு 1.11 கிராமும் வலது சுவருக்கு 0.87 கிராமும் கிடைக்கும். திருகை 3-க்குக் கொண்டுபோனால், அது 3 கிராம் ஊசியழுத்தத்துக்கு ஏற்ற எதிர்விசையைத் தருவதாகக் கொண்டால், நிலைமை அப்படியே தலைகீழாகி, வலது சுவருக்கு 1.13, இடது சுவருக்கு 0.85 என்றாகிறது. வலதுபுறப் பலவீனம் அதே அளவில் இடதுபுறத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் சரியாகச் சமப்படுத்தியிருந்தாலும் சுவர் ஒவ்வொன்றுக்கும் 1 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைத்திருக்கும், 1.8 கிராமில் கிடைக்க வேண்டியதோ 1.27. அவர் காதால் கேட்டுச் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அவருடைய செவியை நான் ஒருபோதும் ஐயுறவில்லை. அதிலிருந்து எடுத்த முடிவு மட்டுமே வேறாக இருக்க வேண்டியிருந்தது.

மூடியைக் கழற்றி, ஆன்டி-ஸ்கேட் 0-இல் இருக்க மீண்டும் மிதக்க வைத்து, தராசில் 1.8 கிராம் வரும்படி அமைத்தோம். ஹெட்ஷெல்லின் இணைப்பு முனையிலிருந்து ஊசி நுனி வரை 52 மி.மீ. இருந்தது, அதுவே 15 மி.மீ. நீட்சியைத் தரும் அளவு. சிறு கண்ணாடித் துண்டின் மேல் ஊசியை இறக்கி முன்னாலிருந்து பார்த்தபோது கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் ஒரே கோட்டில் நின்றன. கார்ட்ரிட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் ஒற்றைச் சேனல் கோளாறு போலவே தோன்றும் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது. டர்ன்டேபிளின் மட்டத்தையும் பார்த்தோம். ஆர்மை மிதக்க வைத்த நிலையில் ஆன்டி-ஸ்கேட் 0-இல் அது விட்ட இடத்தில் நின்றது. திருகைச் சற்றே கூட்டியதும் தயங்காமல் வெளிப்புறமாக நகர்ந்தது. அச்சின் தாங்கிகளும் எதிர்விசை தரும் ஸ்பிரிங்கும் நலமாக உள்ளன என்பதற்கு அது போதுமான சான்று.

எந்தத் தட்டில் அமைப்பது

ஆன்டி-ஸ்கேட்டை அமைக்கப் பலரும் சொல்லும் வழி, பள்ளமே இல்லாத வழுவழுப்பான தட்டில் ஊசியை இறக்கி, ஆர்ம் உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் நிற்கும் வரை திருகுவது. பார்வைக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றும் இந்த முறையை நான் பயன்படுத்துவதில்லை. மட்டமான பரப்பில் ஊசி தன் அடிநுனியில், ஒரே இடத்தில் நிற்கிறது. பள்ளத்திலோ அது அடியைத் தொடாமல் இரண்டு சுவர்களிலும் பக்கவாட்டில் தாங்கி நிற்கிறது. 45 பாகைச் சரிவு காரணமாக, சுவர்களின் மீதான அழுத்தங்களைக் கூட்டினால் ஊசியழுத்தத்தைப் போல் 1.41 மடங்கு வரும். தொடும் இடம், தொடும் பரப்பு, அழுத்தம் ஆகிய மூன்றுமே வேறாக இருக்கும்போது உராய்வு மட்டும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. மேலும், உரத்த இசை பதிந்த பள்ளத்தில் இழுவை கூடும். வெற்றுப் பரப்பில் அதைக் காணவே முடியாது. தயாரிப்பாளரின் கையேடு சொல்வதுபோல் திருகை ஊசியழுத்தத்தின் எண்ணுக்குச் சமமாக வைப்பதை ஒரு நல்ல தொடக்கமாக ஏற்கிறேன். ஆனால் வெவ்வேறு ஊசி வடிவங்களுக்கும் தட்டின் மூலப்பொருளுக்கும் ஏற்ப அது சற்றே மேலும் கீழும் போக வேண்டியிருக்கும்.

நாங்கள் பயன்படுத்தியது, 315 ஹெர்ட்ஸ் ஒலி பக்கவாட்டு வீச்சில் படிப்படியாகக் கூடிக்கொண்டே செல்லும் சோதனைத் தட்டு. 2எம் ரெட் இந்த அலைவெண்ணில் 70 மைக்ரோமீட்டர் வீச்சு வரை பின்தொடரும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். இப்படிப்பட்ட தட்டை வைத்து அமைப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்று உண்டு. எல்லாப் படிகளிலும் ஒலி தெளிவாக வர வேண்டும் என்று எண்ணி அழுத்தத்தையும் திருகையும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். எந்தக் கார்ட்ரிட்ஜும் ஏதோ ஒரு படியில் தோற்கத்தான் வேண்டும். மேல் படிகள் அதற்காகவே வெட்டப்பட்டவை. ஆன்டி-ஸ்கேட்டைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது, தோல்வி இரண்டு சேனல்களிலும் ஒரே சமயத்தில் தொடங்குகிறதா என்பதைத்தான்.

திருகை 0-இல் வைத்து ஹெட்ஃபோனில் கேட்டபோது, 70 மைக்ரோமீட்டர் படியில் வலது காதில் தூய ஒலியுடன் ஒரு மெல்லிய ரீங்காரம் சேர்ந்தது. இடது காது சுத்தமாக இருந்தது. ஒலியை மடிக்கணினியில் பதிவுசெய்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலைமாலையை, அதாவது எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்பதைப் பார்த்தோம். வலது சேனலில் 630, 945 ஹெர்ட்ஸ் இடங்களில் மேற்சுரங்கள் தலைதூக்கி நின்றன. இடது சேனலில் அவை அடங்கியிருந்தன. திருகை 1.8-க்குக் கொண்டுவந்தபோது 70-ஆம் படி இரு பக்கமும் தெளிந்தது. ஆனால் 80-ஆம் படியில் இடது பக்கம் சற்று முந்திக்கொண்டு உடைந்தது. திருகைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் அதே படியைக் கேட்டு, 1.4-ஐ ஒட்டிய நிலையில் ரீங்காரம் இரு காதுகளிலும் ஒரே கணத்தில் தொடங்குவதைக் கண்டோம். அலைமாலையிலும் இரு சேனல்களின் மேற்சுரங்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தன. அங்கேயே நிறுத்தினோம்.

இந்த எண்ணை அப்படியே மற்றொரு டர்ன்டேபிளுக்கு எடுத்துச் செல்வதில் பொருளில்லை. ஸ்பிரிங் கொண்டு எதிர்விசை தரும் இந்த ஆர்ம், நூலில் தொங்கும் சிறு எடையால் விசை தரும் ப்ரோ-ஜெக்ட் ஆர்ம், காந்தத்தால் தரும் ரேகா ஆர்ம் ஆகியவற்றின் எண்களோ படிகளோ ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. ஆர்ம் உள்நோக்கி நகரும்போது விசை மாறும் விதமும் ஒவ்வொன்றிலும் வேறுபடும். செய்முறை மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

சோதனைத் தட்டு கையில் இல்லாதவர்கள், நல்ல நிலையிலுள்ள ஒரு தட்டில் தனிக்குரல் உரத்து வரும் பகுதியை, பக்கத்தின் நடுப்பாடலிலிருந்து தேர்ந்துகொண்டு, ஹெட்ஃபோனில் இரு பக்கமும் ஒப்பிட்டுக் கேட்கலாம். கண்ணாலும் ஒரு தோராயத் தடயம் கிடைக்கும். சுழலும் தட்டில் ஊசி இறங்கும்போது முன்னாலிருந்து பார்த்தால், எதிர்விசை மிகவும் குறைவாக இருக்கும்போது கார்ட்ரிட்ஜ் உள்நோக்கி நகர, பள்ளத்தில் பிடிபட்ட கான்டிலீவர் (ஊசி நுனியைத் தாங்கும் மெல்லிய தண்டு) மட்டும் விளிம்புப் பக்கம் வளைந்து நிற்கும். பெரிய பிழையைப் பிடிக்க இது உதவும். நுண்ணிய அமைப்புக்குப் போதாது.

இசையில் கண்டது

நண்பரின் தட்டுகளை அதன் பிறகு வரிசையாகப் போட்டுக் கேட்டோம். பெரும்பாலானவற்றில் 'ஸ' ஒலி ஒலியாகவே வந்தது. முன்பு சற்றே இடப்பக்கம் சாய்ந்து கேட்ட குரல், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் வந்து நின்றது. வயலின் கூட்டத்தின் உச்சத்தில் தனித்தனி வில்லிழுப்புகளைப் பிரித்தறிய முடிந்தது. ஊசியை உருப்பெருக்கியில் பார்த்தபோது பளிச்சென்ற தேய்வுத் தளம் எதுவும் கண்ணில் படவில்லை. புதிய ஊசி வாங்கும் தேவை அப்போதைக்கு நீங்கியது.

ஒரு தட்டு மட்டும் மசியவில்லை. அவர் மிகவும் விரும்பி, பழைய அமைப்பிலேயே பலமுறை போட்டுத் தேய்த்த தட்டு அது. அதன் இரண்டாம் பக்கக் கடைசிப் பாடலில் வலதுபுறக் கரகரப்பு குறைந்ததே தவிர மறையவில்லை. திருகை இருபுறமும் மாற்றிப் பார்த்தபோதும் கரகரப்பு அதே சொற்களில், அதே அசைகளில் அப்படியே நின்றது. ஊசியின் பிடி தளர்வதால் வரும் கரகரப்பு அமைப்பை மாற்றினால் மாறும். சுவரிலேயே பதிந்துவிட்ட காயம் மாறாது. குறைந்த அழுத்தத்தில் தாவித் தாவி ஓடிய ஊசி வெளிச்சுவரைச் செதுக்கிவிட்டிருந்தது. அழுத்தம் குறைவாக இருந்தால் தட்டு தேயாது என்ற நம்பிக்கை நம் சேகரிப்பாளர்களிடையே பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: வரம்புக்குள் நிலையாகப் பதிந்து ஓடும் 1.8 கிராமைக் காட்டிலும், பிடியற்றுச் சுவரில் மோதும் 1.4 கிராம் தட்டுக்குக் கூடுதல் சேதம் விளைவிக்கும். என்னிடமிருந்த, சுவரின் வேறு உயரத்தைத் தொடும் கூர்மையான வெட்டுள்ள ஊசியால் அதே பாடலைப் போட்டபோது கரகரப்பு இன்னும் சற்றுத் தணிந்தது. காயம் சுவர் முழுவதும் பரவவில்லை என்பதற்கு அது அடையாளம்.

அந்தத் தட்டுக்காகவே நண்பர் 2எம் புளூ ஊசிக்கு மாற எண்ணியிருக்கிறார். ரெட்டின் உடலிலேயே அது பொருந்தும். பரிந்துரைக்கப்பட்ட அழுத்தமும் அதே 1.8 கிராம்தான். ஆனால் வைரத்தின் பொருத்தமும் பளபளப்பும் வேறாக இருப்பதால் பள்ளத்தில் அதன் இழுவை வேறாகலாம். ஆகவே மூடியைக் கழற்றிய பிறகு சமநிலைப்படுத்தி, தராசில் அழுத்தத்தை உறுதிசெய்து, 315 ஹெர்ட்ஸ் படிகளில் திருகை முதலிலிருந்து மீண்டும் தேட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.